சொன்ன பேச்சு கேட்காத விரல்கள்

1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டாரைக் கேட்டு மயங்கி, அப்பாவிடம் திட்டு வாங்கி, கைச்செலவுக் காசை மிச்சம் பிடித்து ஒரு கிட்டார் வாங்கியவர்கள் அந்தத் தலைமுறையில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். கல்லூரி விழாவில் வாசித்தார்கள். சர்ச் பாடல் குழுவில் வாசித்தார்கள். அப்புறம் வேலை, கல்யாணம், டிரான்ஸ்ஃபர், பிள்ளைகளின் படிப்பு. கிட்டார் பரணுக்குப் போய்விட்டது.

ரிட்டயர் ஆன பிறகு அது பரணிலிருந்து இறங்குகிறது. கம்பி துருப்பிடித்திருக்கும். பரவாயில்லை, புதுசு வாங்கி மாட்டிவிடலாம். விரலுக்கு அப்படி ஸ்பேர் கிடைப்பதில்லை. பாட்டு மனசில் அப்படியே இருக்கிறது. எந்த இடத்தில் எந்த விரல் என்பதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்த வேண்டிய எஃப் கார்ட் வந்ததும் கட்டைவிரலின் அடிமூட்டு 'நான் வரவில்லை' என்கிறது. சுண்டுவிரல் போக வேண்டிய இடத்துக்கு அரை நொடி தாமதமாகப் போய்ச் சேருகிறது. பேரப்பிள்ளை வேறு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் இரண்டு முடிவுகளில் ஒன்றை எடுக்கிறார்கள். ஒரு சாரார் ரோஷம் வந்து, இருபது வயதில் செய்ததைப் போலத் தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்தாவது நாள் மணிக்கட்டில் கட்டு. இன்னொரு சாரார், 'நமக்கு வயசாயிடுச்சு' என்று சிரித்துக்கொண்டே கிட்டாரைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதுதான் கொடுமை.

இரண்டு பேருமே பழைய வேகத்தைத் திரும்பப் பெறுவதுதான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். உலகத்தின் பெரிய கிட்டார் கலைஞர்கள் முதுமையில் அப்படி நினைக்கவில்லை. இருக்கிற விரல்களுக்கு எது முடியும் என்று உட்கார்ந்து யோசித்து, வாசிப்பையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். அதில் லெஸ் பால் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் முன்னோடிகளில் ஒருவர் அவர். 1915-ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் பிறந்தவர். கிப்ஸன் நிறுவனம் 1952-ல் அவர் பெயரில் வெளியிட்ட கிட்டார் இன்றைக்கும் கடைகளில் விற்கிறது. பாடகி மேரி ஃபோர்டுடன் சேர்ந்து அவர் செய்த பதிவுகளில் கிட்டார் மின்னல் மாதிரி ஓடும். (அதில் கொஞ்சம் தந்திரமும் உண்டு. டேப்பின் வேகத்தை மாற்றிப் பதிவு செய்து, மனிதக் கையால் முடியாத வேகத்தைக் கொண்டுவருவார். அந்தக் கால இளைஞர்கள் அது தெரியாமல் அதே வேகத்தில் வாசிக்க முயன்று எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்கள்!)

1948 ஜனவரியில் பனி படர்ந்த சாலையில் அவர் போன கார் விபத்துக்குள்ளானது. வலது முழங்கை நொறுங்கிவிட்டது. இனி அந்தக் கை மடங்காது, நீளாது, எந்தக் கோணத்தில் பொருத்துகிறோமோ அப்படியேதான் இருக்கும் என்ற நிலை. கிட்டாரின் மேல் கை சரியாக வந்து விழுகிற கோணத்தில் பொருத்திவிடச் சொன்னார் லெஸ் பால். குணமாக ஒன்றரை வருடம் போல ஆனது. அதற்குப் பிறகுதான் மேரி ஃபோர்டுடன் அவர் உச்சத்துக்குப் போனார். காப்பிக் கோப்பையை எடுப்பது முதல் சட்டை பொத்தான் போடுவது வரை எல்லாவற்றுக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடிய ஒரு கோணத்தை, கிட்டாருக்காக வாழ்நாள் முழுக்க ஏற்றுக்கொண்ட மனிதர்.

அப்படிப்பட்டவருக்கு வயதானபோது கீல்வாதம் வந்தது. இந்த முறை விரல்களில். இடது கையில் கடைசியில் ஒழுங்காக வேலை செய்தவை ஏறக்குறைய இரண்டே விரல்கள்தான். வேறு யாராக இருந்தாலும், போதும் என்று கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டு, பேட்டி கொடுத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இவர் இதய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டு, 1984-ல், வயது 69 நெருங்கும்போது, நியூயார்க்கில் ஒரு சின்ன ஜாஸ் கிளப்பில் வாரம் ஒருமுறை, திங்கட்கிழமைகளில் வாசிக்க ஆரம்பித்தார். அந்த கிளப் மூடப்பட்டதும் 1996 முதல் இரிடியம் என்ற இன்னொரு கிளப். 2009 ஆகஸ்டில் 94 வயதில் காலமாகும் ஆண்டு வரை அந்தத் திங்கட்கிழமைகள் தொடர்ந்தன. 2006-ல், 90 வயதில், இரண்டு கிராமி விருதுகள் வேறு வாங்கினார்.

அந்த மேடையில் அவர் இளமையின் வேகத்தைத் தேடவில்லை. பத்து ஸ்வரம் வாசித்த இடத்தில் மூன்று வாசித்தார். அந்த மூன்றையும் நன்றாக ஒலிக்க விட்டார். நடுநடுவே ஜோக் அடித்தார். பெரிய பெரிய கிட்டார் கலைஞர்கள் அவரோடு ஒரு பாட்டு வாசிக்க ஆசைப்பட்டு வந்தார்கள். வேகமாக வாசிக்கிற வேலையை அவர்களிடம் விட்டுவிட்டார். வாரம் ஒருமுறை மேடை என்று வைத்துக்கொண்டதே ஒரு நல்ல ஏற்பாடு. மற்ற ஆறு நாளும் விரல்களுக்கு ஒரு காரணம் இருந்தது.

இளமையில் லெஸ் பால் தலையில் வைத்துக் கொண்டாடிய கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல், 18 வயதில், ஜாங்கோ குடியிருந்த வண்டி தீப்பிடித்து, இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் ஏறக்குறைய முடங்கிப் போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அவர் வாசித்ததைத்தான் ஐரோப்பிய ஜாஸ் இன்றும் பாடமாகப் படிக்கிறது. தன் ஆதர்ச நாயகனுக்கு 18 வயதில் வந்த நிலைமை, லெஸ் பாலுக்கு 80-க்கு மேல் வந்தது. இரண்டு விரலால் என்னென்ன முடியும் என்பதற்கான பாடப் புத்தகம் அறுபது வருடமாக அவர் காதிலேயே இருந்தது.

பெரிய கலைஞர்களின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் இதை ஆராய்ந்து பார்த்தவர்களிடமும் கொஞ்சம் போகலாம். பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் 80 வயதிலும் எப்படி அவ்வளவு நன்றாக வாசிக்க முடிகிறது என்பதற்கு மூன்று விஷயங்கள் சொன்னார். முன்பைவிடக் குறைந்த எண்ணிக்கையில் உருப்படிகளை வாசிக்கிறேன். அவற்றை முன்பைவிட அதிகமாகப் பயிற்சி செய்கிறேன். வேகமான பகுதி வருவதற்கு முன்னால் இருக்கிற பகுதியை வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக்கிவிடுகிறேன், அப்போது வேகமான பகுதி உண்மையில் இருப்பதைவிட வேகமாகக் கேட்கும். முதுமையை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் பால் பால்டெஸ் இந்தப் பதிலைப் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

மூன்றாவதைக் கவனியுங்கள். எவ்வளவு அழகான குறும்பு! விரலின் வேகத்தைக் கூட்ட முடியாதபோது, கேட்கிறவரின் காதில் வேகத்தைக் கூட்டுகிறார்.

1996-ல் ரால்ஃப் க்ராம்பே, ஆண்டர்ஸ் எரிக்ஸன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இளம் பியானோ கலைஞர்களையும் மூத்த கலைஞர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாதாரண அனிச்சை வேகச் சோதனைகளில் மூத்தவர்கள் எல்லோரையும் போலத்தான் மெதுவாக இருந்தார்கள். இசை தெரிந்தவர் என்பதற்காக உடம்பு சலுகை காட்டவில்லை. ஆனால் பியானோ சார்ந்த விரல் வேலைகளில், விடாமல் பயிற்சி செய்துவந்த மூத்த கலைஞர்கள் பெரிதாகப் பின்தங்கவில்லை. முதுமை எல்லாவற்றையும் ஒரே நாளில் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதில்லை. எதைத் தினமும் தொடுகிறோமோ அதைக் கொஞ்சம் விட்டுவைக்கிறது.

சரி, நம் வீட்டுக் கிட்டாருக்கு வருவோம்.

முதலில் நேரம். ஸ்பெயினின் ஆந்த்ரே செகோவியா 94 வயது வரை வாழ்ந்தவர். கடைசி வருடத்திலும் மேடையேறியவர். அவரே தன் பயிற்சியை ஒரே மூச்சில் செய்யாமல் ஒன்றேகால் மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டவர். அது செகோவியாவுக்கு. நமக்குப் பதினைந்து நிமிடத் துண்டுகள் போதும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தூங்கி எழுந்ததும் எடுக்க வேண்டாம். வயதான மூட்டுகள் காலையில் இறுக்கமாக இருக்கும். குளித்துவிட்டு வந்த பிறகோ, பாத்திரம் கழுவி முடித்த பிறகோ, கை வெதுவெதுப்பாக இருக்கும்போது எடுக்கலாம். (வீட்டில் ஆண்கள் பாத்திரம் கழுவ இது ஒரு நல்ல சாக்கு.) முதல் ஐந்து நிமிடம் மிக மெதுவாக, ஒரு விரலுக்கு ஒரு ஸ்வரம். மிச்சம் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு பாட்டின் ஒரே ஒரு பகுதி. கை களைத்த பிறகு நிறுத்தக் கூடாது, களைக்கும் முன்பே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் வாசிக்கலாமே என்ற ஆசை மிச்சமிருந்தால்தான் சாயங்காலம் மறுபடி எடுக்கத் தோன்றும்.

கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை மூடி அலமாரிக்குப் பின்னால் வைத்தால் பயிற்சி நடக்காது. முந்நூறு, நானூறு ரூபாய் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி ஹாலில் கண்ணில் படும்படி நிறுத்திவிட வேண்டும். நம் ஊர் வியர்வைக்கும் கடற்கரை ஊர்களின் காற்றுக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் கொஞ்ச நாள் கூட வரும்.

அடுத்தது அழுத்தம். நாற்பது வருடமாகப் பலருக்கும் தெரியாத விஷயம், அவர்கள் கம்பியை அவசியத்துக்கு மேல் பிடித்து அழுத்துகிறார்கள் என்பது. இளமையில் கை அதைத் தாங்கிக்கொண்டது. ஒரு சோதனை செய்து பாருங்கள். விரலைக் கம்பியின் மேல் சும்மா வைத்து மீட்டுங்கள். டப்பென்று அமுங்கிய சத்தம் வரும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கர்ரென்ற இரைச்சல் போய் ஸ்வரம் தெளிவாகிற அந்தக் கணம் வரும். அவ்வளவுதான் தேவை. விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போலப் பின்னால் வைத்தால் அதற்கும் குறைவாகவே போதும். பழைய கை இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளாது. ஒரு மாதம், தினம் இரண்டு நிமிடம் இதை மட்டும் செய்தாலே கட்டைவிரல் அடிமூட்டு நன்றி சொல்லும்.

கருவியையும் நமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அக்கூஸ்டிக் கிட்டாரில் வழக்கமாக மாட்டுகிற 12 கேஜ் செட்டுக்குப் பதிலாக 10 கேஜ் மாட்டினால் கை உடனே வித்தியாசம் சொல்லும். ஜீஜீ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் இன்னும் மெலிதான 7 கேஜ் கம்பியில் வாசிக்கிறார். இளமையில் தடித்த கம்பி மாட்டியிருந்த தன் கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்த பி.பி. கிங், எதற்கு இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்கிற மாதிரிக் கேட்டாராம். அதிலிருந்து மெலிதுக்கு மாறிவிட்டதாக கிப்பன்ஸ் சொல்லியிருக்கிறார். அவர் கிட்டார் சத்தத்தை மெலிது என்று யாரும் சொன்னதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. எல்லாக் கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்துவிட்டு, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் பழைய சுருதியே கிடைக்கும். ஆனால் கம்பியின் இழுவிசை குறைந்திருக்கும், ஃப்ரெட்டுகளும் நெருக்கமாகிவிடும். கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தால், கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம். இருபது வருடம் பரணில் கிடந்த கிட்டாரின் கழுத்து வளைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தன் விரல் போய்விட்டது என்று வருந்துகிற பலருக்கு, உண்மையில் போயிருப்பது கிட்டாரின் கழுத்து.

எஃப் கார்டை என்ன செய்வது? ஆறு கம்பியையும் அழுத்தித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. மூன்று கம்பி போதும். கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் 1987-ல் இறக்கும் வரை ரிதம் கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீன், கார்டில் ஓரிரு ஸ்வரங்களை மட்டுமே ஒலிக்கவிட்டு ஒரு பெரிய வாத்தியக் குழுவையே நடத்தினார். பாஸ் ஸ்வரத்தை வாசிக்க வேறு ஆள் இருக்கும்போது, நாமும் அதை அழுத்திக்கொண்டு ஏன் அவதிப்பட வேண்டும்?

யாரும் சொல்லித்தராத ஒரு சங்கதி, கண்ணாடி. பைஃபோகல் கண்ணாடி போட்டவர்களுக்குக் கையிலிருக்கும் புத்தகம் தெரியும், தூரத்து பஸ் போர்டு தெரியும். நடுவில், ஸ்டாண்டில் வைத்த பாட்டு நோட்டுதான் தெரியாது. அதற்காகத் தலையை நிமிர்த்தியும், ஃப்ரெட்டைப் பார்க்கக் கழுத்தை முறுக்கியும் அரை மணி நேரம் உட்கார்ந்தால், இரவு தோள்பட்டை வலிக்கும். பழி கிட்டார் மேல் விழும். அந்த நடு தூரத்துக்கென்று ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் பாதி வலி காணாமல் போகும். அல்லது நோட்டைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்துப் பழகுவது எல்லாவற்றையும்விட நல்லது.

ஆனால் களைப்பு வேறு, வலி வேறு. கட்டைவிரல் அடியில் குத்துகிற வலி, ராத்திரியில் விரல் மரத்துப்போவது, காலையில் ஒரு விரல் மடங்கியபடியே மாட்டிக்கொண்டு டக்கென்று விடுபடுவது இவையெல்லாம் பயிற்சியால் சரியாகிறவை இல்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். எரிக் கிளாப்டன் போன்றவரே நரம்புப் பிரச்சினையால் வாசிப்பது சிரமமாகிவிட்டது என்று 2016-ல் வெளிப்படையாகச் சொன்னார். நாம் மறைக்க என்ன இருக்கிறது?

இவ்வளவு மாற்றினாலும் ஒன்று உள்ளே இடித்துக்கொண்டே இருக்கும். 'அன்னைக்கு எப்படி வாசிச்சேன் தெரியுமா' என்கிற குரல். ரெக்கார்டில் இருப்பதைப் போலவே, ஒரு ஸ்வரம் குறையாமல் வாசிப்பதுதான் மரியாதை என்று அந்தத் தலைமுறை பழகிவிட்டது. மெல்லிசைக் கச்சேரியில் அதற்குத்தான் கைதட்டு. அதனால் பாட்டை எளிமையாக்கி வாசிப்பது அவர்களுக்குத் தோல்வி மாதிரித் தெரிகிறது. கீத் ரிச்சர்ட்ஸ் 80 வயதை நெருங்கும்போது, விரல் மூட்டுவாதம் தன் வாசிப்பை மாற்றிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். அதோடு, அந்த மாற்றம் தனக்குப் புதிய வழி ஒன்றைக் காட்டுவதாகவும் சுவாரசியமாகச் சொன்னார். பி.பி. கிங் கடைசிக் காலத்தில் மேடையில் நாற்காலியில் உட்கார்ந்துதான் வாசித்தார். ஒரே ஸ்வரத்தை நடுங்கவிட்டு நிறுத்துவார். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

வீட்டிலும் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பேரனோ பேத்தியோ யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தால், வேகமான பகுதியை அவர்களிடம் விட்டுவிட்டு, தாத்தாவோ பாட்டியோ பின்னால் தாளம் தவறாமல் கார்ட் பிடிக்கலாம். பிள்ளைகளுக்கு வேகம் சுலபமாக வரும், நிதானம் வராது. நாலு பாட்டு சேர்ந்து வாசித்த பிறகு, 'தாத்தா, நீங்க இல்லாம வாசிச்சா எனக்கு தாளம் ஓடிப்போகுது' என்று அவர்களே சொல்லக்கூடும்.

பழைய ஞாபகமே இல்லாமல், அறுபதில்தான் முதன்முதலாகக் கிட்டாரைத் தொடப்போகிறவர்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவர்கள். இழந்த வேகம் என்று எதுவும் அவர்களிடம் இல்லை. முதல் சில வாரம் விரல் நுனி எரியும், பிறகு தோல் தடித்துப் பழகிவிடும். கடைக்குப் போகும்போது சுவரில் பளபளவென்று தொங்குவதை விட்டுவிட்டு, நைலான் கம்பி போட்ட கிளாஸிக்கல் கிட்டாரையோ உடல் சிறிதான ஒன்றையோ எடுத்து மடியில் வைத்துப் பாருங்கள். வலது தோள் மேலே தூக்கிக்கொண்டால் அது பெரிய கிட்டார். தோள் தளர்ந்து இறங்கி, கை தானாகக் கம்பி மேல் வந்து விழுந்தால், விலை கேட்கலாம்.